வந்தவர் வாசலோடு திரும்பாமல் இருக்க: வன்னியில் இணையக்கடை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதுக்குடியிருப்பில் கருவாடும் ஒடியல் மாவும் விற்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். சொந்தமாக இணையக்கடை திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பேஸ்புக்கில் படம் போட்டால் ஆட்கள் கடைக்கு வருகிறார்கள், ஆனால் வந்த வேகத்திலேயே போய்விடுகிறார்கள். "சாமான் சரியில்லையோ தம்பி?" என்று கேட்டார். அவருடைய நெத்தலிக் கருவாட்டை நான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். சாமானில் ஒரு குறையும் இல்லை.

அவருடைய மருமகனைக் கூப்பிட்டு, "உன்ர போனில நெத்தலி அரைக்கிலோ ஓடர் பண்ணு, எங்களிட்ட ஒண்டும் கேக்காத" என்றேன். நாங்கள் இருவரும் பின்னால் நின்று பார்த்தோம். அவன் பேஸ்புக்கில் இருந்த நெத்தலிப் படத்தின் இணைப்பைத் தட்டினான். வெள்ளைத் திரை. மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்; எட்டில்தான் படம் தெரிந்தது. அதுவும் பனங்கூடலும் "நல்வரவு" என்ற எழுத்தும். நெத்தலியைக் காணவில்லை. கீழே இரண்டு முறை இழுத்தான். ஒரு கருவாட்டுப் படத்தைத் தட்டினான், மூன்று முறை. ஒன்றும் திறக்கவில்லை. பிறகு பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்திவிட்டான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"என்ர கடையில என்ர சாமானையே காணேல்லையே" என்றார் அக்கா.

உங்கள் கடையிலும் முதல் வேலையாக இதையே செய்யுங்கள். காசு செலவில்லை. கடையை இதுவரை பார்க்காத ஒருவரை, அவருடைய சொந்தப் போனில், அவருடைய டேட்டாவில் வாங்கச் சொல்லுங்கள். வழி காட்டாதீர்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதை இரண்டாம் முறை தட்டுகிறார், எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரிடம் செய்தால் கடையின் பெரிய கோளாறுகள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

எண்ணை எப்படி வாசிப்பது

கடைக்கு வந்து, எதிலும் ஈடுபடாமல் திரும்பிப் போனவர்களின் வீதத்தைத்தான் பவுன்ஸ் ரேட் என்கிறார்கள். கடைக்கு வருவோரை எண்ணிக் காட்டும் கூகிள் அனலிட்டிக்ஸ் கருவியில் இதன் கணக்கு மாறியிருப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பழைய முறையில், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வேறெதையும் செய்யாமல் போனால் அது பவுன்ஸ். அந்தப் பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இப்போது இருக்கும் நான்காம் பதிப்பில் ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்க்கப்பட்டாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயல் நடந்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. இந்த மூன்றில் ஒன்றும் நடக்காததுதான் பவுன்ஸ். ஆகவே பழைய கட்டுரைகளில் வாசிக்கும் வீதங்களோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

பவுன்ஸ் ரேட் அறிக்கையில் தானாகத் தெரியாது. அறிக்கையைத் திருத்தும் இடத்துக்குப் போய் அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'லேண்டிங் பேஜ்' (வருபவர் முதலில் வந்து இறங்கும் பக்கம்) அறிக்கையில் சேர்த்தால் எந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் கூடுதலாகத் திரும்புகிறார்கள் என்று தெரியும். முழுக் கடைக்குமான ஒரே எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பக்கம் பக்கமாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

நம் பக்கத்துக் கடைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம்மிடம் வாங்குபவர்களில் பலர் கடைப் பக்கத்தைப் பார்த்தவுடனே வட்ஸ்அப் பொத்தானைத் தட்டி, "அக்கா, இது இருக்கா?" என்று கேட்டு அங்கேயே ஓடரை முடித்துவிடுவார்கள். வந்து ஏழாவது விநாடியில் வட்ஸ்அப்புக்குப் போன அந்த நல்ல வாடிக்கையாளரை அனலிட்டிக்ஸ் பவுன்ஸ் என்றே எழுதிக்கொள்ளும். வெளி இணைப்பைத் தட்டுவதை அது பதிவு செய்கிறதுதான், ஆனால் முக்கியச் செயலாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் வட்ஸ்அப் இணைப்பைத் தட்டுவதற்கென்று தனியாக ஒரு நிகழ்வை உருவாக்கி, அதை 'கீ இவென்ட்' என்று குறித்துவிடுங்கள். தொலைபேசி எண்ணைத் தட்டி அழைப்பது தானாகப் பதிவாகாது. அதற்கு, இப்படியான பதிவுகளைத் தளத்தில் பொருத்த உதவும் கூகிளின் டாக் மனேஜரில் தனி ஏற்பாடு வேண்டும். தளம் செய்து தந்தவரிடம் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இது செய்யாதவரை உங்கள் பவுன்ஸ் ரேட்டை நம்பவே வேண்டாம்.

இன்னொன்று, சிறு கடைகளில் வீதம் கண்ணை மயக்கும். ஒரு வாரம் 60 பேர் வந்து 42 பேர் திரும்பினால் 70 வீதம். அடுத்த வாரம் 40 பேர் வந்து 22 பேர் திரும்பினால் 55 வீதம். ஏதோ பெரிய முன்னேற்றம் போலத் தெரியும். ஆனால் நாலைந்து சொந்தக்காரர் கூடுதலாக வந்து சுற்றிப் பார்த்தாலே அந்த எண் ஆடிவிடும். நீங்களும் வீட்டாரும் நாளுக்கு நாலு தரம் கடையைத் திறந்து பார்த்தால் அதுவும் கணக்கில் ஏறும். மாதம் சில நூறு பேர் வரும் கடைக்கு, எண்ணைவிட ஆட்களைப் பார்ப்பதே பயன்.

ஆட்களை அருகில் இல்லாமலே பார்க்க மைக்ரோசொஃப்டின் கிளாரிட்டி உதவும். இலவசம். வந்தவர் எங்கே இழுத்தார், எங்கே தட்டினார் என்பதை ஒளிப்பதிவு போலக் காட்டும். திறக்காத இடத்தைத் தட்டினால் 'டெட் கிளிக்', கோபத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் 'ரேஜ் கிளிக்' என்று பிரித்துத் தரும். மருமகன் மூன்று முறை தட்டிய அந்தக் கருவாட்டுப் படம் இதில் முதல் நாளே பிடிபட்டிருக்கும். இப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதைக் கடையின் தனியுரிமைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

காட்டியதையே முதலில் காட்டுங்கள்

அக்காவின் கடையில் நாங்கள் முதலில் மாற்றியது இதைத்தான். நெத்தலிப் படத்தோடு போடும் இணைப்பு நெத்தலியின் பக்கத்துக்கே போக வேண்டும். முகப்புக்குப் போகக் கூடாது. பேஸ்புக்கில் போட்ட அதே படம், அதே விலை, அதே நிறை அந்தப் பக்கத்தின் உச்சியில் இருக்க வேண்டும். சந்தையில் ஒருவருக்கு வெண்டிக்காயைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு, வந்தவரைப் பூசணிக்காய்க் குவியலுக்கு முன்னால் விட்டால் நிற்பாரா?

காசு கொடுத்து விளம்பரம் போடுபவர்கள் இன்னும் கவனம். தமிழ் பேசுவோர் எல்லோருக்கும் என்று விளம்பரத்தைத் திறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நீங்கள் இலங்கைக்குள் மட்டும் அனுப்புபவராக இருந்தால் அவர்கள் எல்லோரும் திரும்பத்தான் வேண்டும். அவர்கள் திரும்பியது கடையின் குற்றமில்லை, நீங்கள் அழைத்த இடம் பிழை. எங்கே அனுப்புவீர்கள் என்பதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள்.

இருப்பு முடிந்த பொருளின் பக்கத்தை அழித்துவிடாதீர்கள். போன வருடம் பகிர்ந்த இணைப்பை இன்றைக்கும் யாராவது தட்டுவார்கள். "இப்போது இல்லை, அடுத்த தொகுதி பங்குனி கடைசியில்" என்று எழுதி, வந்ததும் அறிவிக்க அவர்களின் எண்ணை வாங்கி வையுங்கள்.

படத்தின் கனம்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும்போது போனைப் பாருங்கள், சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறி இறங்கும். உங்கள் வாடிக்கையாளரில் ஒரு பகுதியினர் அப்படியான இடங்களில் இருந்துதான் கடைக்கு வருகிறார்கள். பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் எடுத்தால் கைபேசியில் வருவோரில் 53 வீதமானோர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கூகிள் 2016இல் சொன்னது. பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்களின் இன்றைய அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் கடையின் முகவரியைக் கொடுத்தால் இதை அளந்து சொல்லும். முகப்பை மட்டும் கொடுக்காமல் ஒரு பொருள் பக்கத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

அக்காவின் கடை எட்டு விநாடி எடுத்ததற்குக் காரணம், போனில் எடுத்த படங்கள் அப்படியே ஏறியிருந்தன. ஒவ்வொன்றும் 4 எம்பி அளவு. போனில் எடுத்த படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் 100, 150 கேபிக்குள் வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசத் தளத்தில் போனிலேயே இதைச் செய்யலாம். பனங்கூடல் ஓடும் அந்த ஸ்லைடரையும் எடுத்துவிட்டோம். ஐந்து பெரிய படம் வரிசையாக ஓடும் ஸ்லைடரில் இரண்டாவது படத்தை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

கீழே உள்ள படங்கள் இழுக்கும்போது மட்டும் இறங்கும்படி வைக்கலாம். ஆனால் உச்சியில் உள்ள முதல் படத்துக்கு அப்படி வைக்காதீர்கள், அது இன்னும் பிந்தும். படத்தின் அகல உயரத்தைத் தளத்தில் முன்கூட்டியே குறித்துவிட்டால், படம் வந்து விழும்போது பக்கம் துள்ளாது. தட்டப் போன பொத்தான் கீழே நழுவி வேறொன்றைத் தட்டிவிடுவது எவ்வளவு எரிச்சல் என்று எல்லோருக்கும் தெரியும்.

எழுத்து

அச்சகத்தில் துண்டுப்பிரசுரம் அடித்தபோது தட்டச்சு செய்த பாமினி எழுத்தை அப்படியே கடையில் ஒட்டிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கூகிளில் தேடினாலும் கிடைக்காது. பாமினியை, எல்லாப் போனிலும் தெரியும் யுனிகோடு எழுத்துக்கு மாற்றும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துத் திருத்துங்கள்.

தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருவில் பொத்தானுக்குள் தமிழ் அடங்காமல் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். "கூடையில் போடுங்கள்", "காசு கட்ட" போலச் சுருக்கமாக வைத்து, சின்னத் திரையில் சரிபாருங்கள்.

பொருள் பக்கம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் வேலை கூட, பலனும் கூட.

சந்தையில் கருவாடு வாங்கும் ஒருவர் என்ன செய்கிறார்? கையில் எடுத்து வளைத்துப் பார்க்கிறார். மணக்கிறார். உப்புப் படிந்திருக்கிறதா, மணல் இருக்கிறதா என்று விரலால் தேய்க்கிறார். "எப்ப காய வைச்சது?" என்று கேட்கிறார். இணையத்தில் இந்த நாலும் இல்லை. அந்த நாலுக்கும் பதில் உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் அவர் நிற்பார்.

அக்காவின் பக்கத்தில் முன்பு இருந்தது "தரமான சுவையான நெத்தலி கருவாடு" என்ற ஒரே வரி. எல்லாக் கடையிலும் இருக்கும் வரி. அவரிடம் கேட்டுக் கேட்டு, அவர் சொன்னதையே எழுதினோம்: மீன் எங்கே வாங்கியது, எத்தனை நாள் வெயில், பாயிலா வலையிலா காய்ந்தது, தலை நீக்கியதா இல்லையா, உப்பு எவ்வளவு, சமைக்க முன் எத்தனை தரம் கழுவ வேண்டும், பொதி செய்த திகதி, வாசம் வெளியே வராமல் எப்படிக் கட்டுகிறோம். படம் மூன்று. ஒன்று உள்ளங்கையில் வைத்து எடுத்தது, அளவு தெரிய. ஒன்று வெயிலில் காயும்போது. மூன்றாவது பொதி செய்த பக்கெட், நிறை தெரிகிற மாதிரி. எல்லாம் முற்றத்தில் காலை வெளிச்சத்தில் எடுத்தவை. ஸ்டூடியோ தேவைப்படவில்லை.

ஒடியல் மாவுக்கு வேறு விதமான விளக்கம் வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளை ஒன்று, தாய்க்கு வாங்கிக் கொடுக்க உங்கள் கடைக்கு வரும். அதற்கு ஒடியலும் புழுக்கொடியலும் ஒன்றாகத்தான் தெரியும். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல், கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் அந்தப் பிள்ளை நம்பி வாங்கும். பொருளின் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதிவையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள்.

விலை, நிறை, கூடைப் பொத்தான், வட்ஸ்அப் பொத்தான் நான்கும் திரையை இழுக்காமலே தெரியட்டும். "விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்பதை இன்றே நிறுத்துங்கள். அதைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் உங்களிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

அனுப்புக் கூலியும் முகவரியும்

கூடையில் போட்ட பிறகு வாங்காமல் போகிறவர்கள் உலகம் முழுவதும் சராசரியாக 70 வீதம் அளவில் இருக்கிறார்கள் என்று பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. கடைசியில் வந்து ஏறும் கூடுதல் செலவுதான் முதல் காரணம். 900 ரூபாச் சாமானைத் தெரிவு செய்தவருக்கு, பெயர் முகவரி எல்லாம் நிரப்பிய பிறகு 450 ரூபா அனுப்புக் கூலி என்று காட்டினால் யாருக்கும் மனம் முறியும். கூலி அதே 450 ஆகவே இருக்கட்டும். பொருள் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே எழுதிவிடுங்கள்: வட மாகாணத்துக்கு இவ்வளவு, மற்ற மாகாணங்களுக்கு இவ்வளவு, இரண்டு கிலோ வரை ஒரே கூலி என்று. கடைசி வரி பலரை இன்னொரு பக்கெட்டும் எடுக்க வைக்கும்.

அப்புறம் முகவரிப் படிவம். வெளிநாட்டு வார்ப்புருவில் வீதி எண், மாநிலம் என்றெல்லாம் கட்டாயப் பெட்டிகள் இருக்கும். மல்லாவியில் ஒரு வீட்டுக்கு என்ன வீதி எண்ணைப் போடுவது? ஐந்து இலக்கத் தபால் குறியீடு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இவற்றைக் கட்டாயமில்லை என்று மாற்றி, "அருகில் உள்ள சந்தி, கோயில் அல்லது பாடசாலை" என்று ஒரு பெட்டி வையுங்கள். கூரியர் தம்பி வீட்டைக் கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகக் கேட்பதும் நமக்குப் பொருந்தாது, பெயருக்கு ஒரே பெட்டி போதும்.

வெளிநாட்டில் இருந்து காசு கட்டி, விசுவமடுவில் இருக்கும் அம்மாவுக்குச் சாமான் அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் காசு கட்டுபவரின் எண், பெறுபவரின் எண் என்று இரண்டு தொலைபேசிப் பெட்டிகள் வேண்டும். 07இல் தொடங்கும் பத்து இலக்கத்தை மட்டும் ஏற்கும் படிவம் கனடா எண்ணைப் பிழை என்று தள்ளிவிடும். பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குச் சிறிதாக இருந்தால் ஐபோன் திரையைத் தானாகப் பெரிதாக்கிவிடும், அதையும் பாருங்கள். கணக்குத் திறக்காமல் வாங்க விடுங்கள். பொருள் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கும் வசதி, வங்கி வைப்பு, அட்டை எதெல்லாம் உண்டோ அதைப் பொருள் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

வட்ஸ்அப் பொத்தானுக்கு அருகில் பதில் சொல்லும் நேரத்தையும் எழுதுங்கள். ரொறன்ரோவில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு விடியற்காலை. பதில் வராத கடை மூடிய கடையாகத்தான் தெரியும். "காலை 8 முதல் இரவு 8 வரை, இலங்கை நேரம்" என்று இருந்தால் காத்திருப்பார்கள்.

ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு

வந்தவரை உள்ளே நடக்கவைக்க "இதையும் பாருங்கள்" என்று நாலு படத்தை அடுக்குவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அக்காவின் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கூழ் காய்ச்சுவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினோம். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கசப்பை எடுப்பதில் தொடங்கி, பயிற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் வெந்த பிறகு மீன், நண்டு, இறால் போடுவது, கடைசியில் செத்தல் மிளகாயும் புளியும் மாவும் கரைத்து விடுவது வரை, அவர் வீட்டில் செய்கிறபடியே. பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கும் படத்தையும் சேர்த்தோம். பக்கத்தின் நடுவில் ஒடியல் மா, நெத்தலி, செத்தல் மிளகாய் மூன்றையும் ஒரே தட்டில் கூடைக்குள் போடும் ஒரு பொத்தான், "கூழ்ச் சாமான்" என்ற பெயரில்.

இப்போது மா வாங்க வருகிறவர் கூழ்ப் பக்கத்துக்குப் போகிறார், கூழ்ப் பக்கத்துக்கு வந்தவர் நெத்தலிக்குப் போகிறார். உளுந்து விற்பவருக்கு உளுத்தங்களி, கச்சான் விற்பவருக்குக் கச்சான் அல்வா, அரிசி மா விற்பவருக்குப் பிட்டு என்று ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். சமையல் பக்கத்தை வாசித்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அடுப்புக்கு முன்னால் நின்று வாசித்தவர் அடுத்த மாதம் மா முடியும்போது வருவார்.

வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பும் நல்ல வார்த்தைகளை, அவரிடம் கேட்டு, பெயரையும் எண்ணையும் மறைத்து, அந்தந்தப் பொருள் பக்கத்தில் போடுங்கள். குறை சொன்னவருக்கு நீங்கள் கொடுத்த பதிலையும் போடலாம். அது நம்பிக்கையைக் கூட்டும்.

எடுத்துவிட வேண்டியவையும் உண்டு: கடை திறந்தவுடன் முகத்தில் விழும் பொப்அப், தானாகச் சத்தத்தோடு ஓடும் வீடியோ, பொத்தானை மறைத்துக்கொண்டு நிற்கும் அரட்டைப் பெட்டி. திரையை மறைக்கும் பொப்அப் உள்ள கைபேசிப் பக்கங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளலாம் என்று கூகிள் 2017 ஜனவரியிலிருந்தே சொல்லிவருகிறது.

மாற்றுவது ஒவ்வொன்றாக

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒரு மாற்றம், இரண்டு வாரம், அப்புறம் அடுத்தது. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள்: என்ன மாற்றினோம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கூடையில் போட்டார்கள், எத்தனை வட்ஸ்அப், எத்தனை ஓடர். வற்றாப்பளைப் பொங்கல், தைப்பொங்கல், பள்ளி விடுமுறை போன்ற நாட்களையும் அதில் குறித்துவிடுங்கள். அந்த வாரங்களில் எண் ஏறுவது உங்கள் மாற்றத்தால் என்று நினைத்துவிடக் கூடாது.

மாதம் ஒருமுறை நீங்களே ஒரு பழைய போனை எடுத்து, வைஃபையை நிறுத்திவிட்டு, பேஸ்புக் செயலிக்குள் இருந்தே உங்கள் இணைப்பைத் தட்டுங்கள். பேஸ்புக்குக்குள் திறக்கும் உலாவியும் போனில் உள்ள குரோமும் ஒன்றில்லை. குரோமில் சேமித்த முகவரியும் அட்டையும் அங்கே இருக்காது, எல்லாவற்றையும் கையால் தட்ட வேண்டியிருக்கும். உங்கள் வாடிக்கையாளர் நிற்பதும் அங்கேதான். அப்படி நின்றபடியே அரைக்கிலோ நெத்தலியைக் கூடையில் போட்டு, முகவரி நிரப்பி, காசு கட்டி, ஓடர் கிடைத்தது என்ற செய்தி வரும்வரை போய்ப் பாருங்கள்.